பயணச்சீட்டில் அச்சிட்ட நேரம்: கேள்வி-பதில்

கேள்வி: திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குப் போகும் விமானம் அதிகாலை 4.15-க்குப் புறப்பட்டு 6.45-க்கு இறங்குகிறது. திரும்பும் விமானமோ இரவு 10-க்குப் புறப்பட்டு 3.30-க்குத்தான் வருகிறது. கூடுதல் பணம் கட்டி வேகமான விமானத்துக்கு மாறலாமா? (களியக்காவிளை வாசகர்)

பதில்: ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது; சீட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கணக்கிட்டால் இரண்டுமே 4 மணி நேரப் பயணம்.

கேள்வி: துபாய்க்குச் சென்னையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் ஏறத்தாழ ஒரே தூரம். ஓணம் முடிந்து திரும்பும் மகனுக்குத் திருவனந்தபுரத்துச் சீட்டு மட்டும் இருமடங்கு விலை. இது மோசடி அல்லவா? (செங்கோட்டை வாசகர்)

பதில்: தூரக் கணக்கு சரி, இரண்டுமே 3,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் விமானக் கட்டணம் பேருந்துக் கட்டணம்போலக் கிலோமீட்டரை வைத்து விதிக்கப்படுவதன்று. ஓணம் முடிந்த வாரத்தில் வளைகுடாவுக்குத் திரும்புவோர் எல்லோரும் அதே விமானங்களைத் தேடுகிறார்கள், விலை ஏறுகிறது. எரிச்சலூட்டுவதுதான், மோசடி அன்று. பொதிகை விரைவு ரயிலில் சென்னை போய் ஏறினால் மிச்சமாகுமா என்று சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: இடையில் எங்கும் நிற்காது என்று சொல்லி இலண்டனுக்குச் சீட்டு விற்ற முகவர், வளைகுடாவில் 9 மணி நேரம் காக்க வைத்துவிட்டார். கேட்டால், 8,400 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடக்கும் விமானமே கிடையாது என்கிறார். என் தாய்க்கு வயது 70. (குலசேகரம் வாசகி)

பதில்: தாயாரை அப்படி உட்கார வைத்ததற்கு மேல் இந்தப் பொய் வேறா? சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஏறத்தாழ 15,300 கிலோமீட்டரை, 18 மணி நேரத்துக்கும் மேலாக, எங்கும் இறங்காமல் விமானங்கள் பறக்கின்றன. விமானத்தால் முடியுமா என்பதல்ல, அந்தத் தடத்தில் அப்படியொரு சேவை இருக்கிறதா என்பதே கேள்வி. இல்லாத சேவையை விற்றது முகவரின் குற்றம். முகவர்களிடம் எனக்குத் தீராத மனக்குறை இதுதான்: வானில் பறக்கும் நேரத்தை மட்டும் வாயால் சொல்லிவிட்டு, காத்திருப்பு நேரத்தைச் சீட்டின் மூலையில் ஒளித்துவிடுகிறார்கள். கோலாலம்பூருக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு முகவர் இரண்டு நிறுவனங்களின் சீட்டுகளைத் தனித்தனியாக என் தலையில் கட்டினார். முதல் விமானம் தாமதமானதும் இரண்டாவது சீட்டு வெறும் காகிதமானது. ஒரே முன்பதிவு எண்ணில் இருந்திருந்தால் மாற்று விமானம் கேட்டிருக்கலாம். நீங்கள் முகவரின் வாக்குறுதி இருக்கும் குறுஞ்செய்திகளையும் ரசீதையும் எடுத்து வைத்து, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். முகவரின் அலுவலகம் எங்கிருந்தாலும் உங்கள் மாவட்டத்துக்கான நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம் போதும்.

கேள்வி: துபாய் விமானம் மூன்றரை மணி நேரம் தாமதம். தண்ணீர்கூடத் தரவில்லை. (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: தந்திருக்க வேண்டும். அட்டவணைப்படி இரண்டரை முதல் 5 மணி நேரம் வரையுள்ள பயணம் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், உரிய நேரத்தில் வந்து பதிவு செய்த பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் தருவது விமானப் போக்குவரத்து இயக்குநரக விதி. எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: 14-ஆம் தேதி 00.30 மணி விமானத்துக்கு 14-ஆம் தேதி இரவு போய் நின்றேன். பணம் கிடைக்குமா? (பாறசாலை வாசகர்)

பதில்: 00.30 என்பது நள்ளிரவு தாண்டி 14-ஆம் தேதி பிறந்த அரை மணி நேரத்தில்; விமானம் முந்தைய இரவே போய்விட்டது. சீட்டைப் படிக்காமல் பெட்டியை மட்டும் கட்டினால் நான் என்ன செய்ய? அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் மட்டும் திரும்பக் கிடைக்கும். அதையாவது கேட்டு வாங்குங்கள்.