மானியத்துக்கு அப்பால்

கேள்வி: எந்தக் குழுவையும் சாராத நாடக, நடனக் கலைஞர்கள் அரசிடம் மானியம் தவிர வேறு எதைக் கோரலாம்?

பதில்: மானியம் பெரும்பாலும் நிகழ்ச்சிக்கே கிடைக்கிறது, ஒத்திகைக்கும் வேலையில்லாத மாதங்களுக்கும் யாரும் பொறுப்பேற்பதில்லை. பிற தொழிலாளர்களுக்குள்ள சமூகப் பாதுகாப்பு கலைஞர்களுக்கும் வேண்டும் என்று யுனெஸ்கோ 1980-இல் பரிந்துரைத்தது என்றாலும், பரிந்துரை எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. பிரான்சில், 12 மாதங்களில் 507 மணி நேரம் பணியாற்றியதைக் காட்டும் மேடைக் கலைஞர், வேலையற்ற நாள்களுக்கு உதவித்தொகை பெறுகிறார். அயர்லாந்து 2022-இல் தகுதியுள்ள விண்ணப்பதாரர்களிலிருந்து 2,000 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வாரம் 325 யூரோ வழங்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது; குலுக்கல் சிலருக்கு உறுத்தலாம், தேர்வுக் குழுவின் தயவுக்குக் காத்திருப்பதைவிட அது மேல் என்பேன். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, ஒத்திகை நேரத்தையும் ஊதியக் கணக்கில் சேர்க்கும் எழுத்துபூர்வமான ஒப்பந்தம். அது இல்லாமல் பணி நேரத்தை எந்த அலுவலகத்திலும் நிரூபிப்பது கடினம்.