வெள்ளை உடுத்தும் பண்டிகைக்குப் பட்டாடை

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு ‘எங்கள் ஊர்த் திருவிழா’ என்று கட்டுரை கொடுத்தேன். பாதிப் பேர் சாட்ஜிபிடியில் எடுத்து எழுதியிருப்பார்களோ என்று சந்தேகம். ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் தளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்கிறார் சக ஆசிரியர். செய்யலாமா? மதிப்பெண்ணைக் குறைக்கலாமா? ஒரு கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

போட்டுப் பார்க்க வேண்டாம். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படியொரு கருவியை வெளியிட்டு, சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று ஜூலையில் எடுத்துவிட்டது. அதையும் ஆங்கிலத்துக்கு மட்டும்தான் பரிந்துரைத்திருந்தார்கள்.

உங்களுக்குக் கருவியே தேவையில்லை. நீங்கள் இணைத்த கட்டுரையில், நீலகிரிப் படுகர் மக்களின் பேரகணி எத்தையம்மன் பண்டிகைக்கு ‘மக்கள் வண்ண வண்ணப் பட்டாடை உடுத்தி வந்தனர்’ என்று எழுதியிருக்கிறான் பையன். ஆணும் பெண்ணும் வெள்ளை உடுத்திப் போகிற பண்டிகை அது! படுகர் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியாதா? சமவெளித் திருவிழா ஒன்றைத் தூக்கி மலைமேல் வைத்துவிட்டது எந்திரம். அவன் படித்துக்கூடப் பார்க்கவில்லை. நிறுத்தி வைத்து விசாரிக்காதீர்கள். பேச்சுவாக்கில், வீட்டிலிருந்து யார் யார் போனீர்கள், எதில் போனீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் பேசும் படுகு மொழி கலந்து சொல்வான். சொல்லட்டும். பிழையில்லாத ஏட்டுத் தமிழுக்குத்தான் மதிப்பெண் என்று பழக்கியது நாம்தானே.

எனக்கு உறுத்துவது வேறு. நீங்கள் அனுப்பிய கட்டுரைப் படத்தில் பையன் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் இருந்தன. அதைத்தான் யாரோ நடத்தும் தளத்தில் ஏற்றச் சொல்கிறார் உங்கள் நண்பர். (முதல் மூன்று இடம் பிடித்த பிள்ளைகளைப் படமும் மதிப்பெண்ணுமாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது.)

இன்னொன்று, பெரும்பாலான வீடுகளில் போன் அப்பாவுடையது, கூகுள் கணக்கும் அவர் பெயரில். பசுந்தேயிலை விலை பார்ப்பதும் அதில்தான், இரவு பையன் கட்டுரை கேட்பதும் அதில்தான். எதிரே இருப்பது பதினான்கு வயசுப் பிள்ளை என்று எந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அவன் கேட்கும் கணக்குப் பாடம், அந்தரங்கச் சந்தேகம் எல்லாம் அப்பா பெயரில் சேர்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அனுமதி வேண்டும் என்பது சாட்ஜிபிடியின் விதி. பிள்ளைகளின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும். அந்த அப்பாவுக்கு விஷயமே தெரியாதபோது எந்த அனுமதி? அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் இதைப் பேசுங்கள். பிள்ளைக்குத் தனிக் கணக்கு, வயதை மறைக்காமல், பெற்றோர் பார்வையில். அவ்வளவு சொன்னால் போதும்.

மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். இந்தக் கட்டுரைக்கு எதுவுமே போடாதீர்கள். எல்லோரையும் திரும்ப எழுதச் சொல்லுங்கள், வகுப்பிலேயே, ஒரே பீரியடில்.