தேடியும் கிடைக்காத நிம்மதி

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம். எங்களுக்குத் திருமணமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. கடந்த 4 மாதங்களாக என் கணவர் கைபேசியைக் கவிழ்த்தே வைக்கிறார், கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டார். வீட்டுக்குத் தாமதமாக வருகிறார், காரணம் கேட்டால் எரிந்து விழுகிறார். ஒருநாள் அவர் குளிக்கச் சென்றபோது, திறந்திருந்த கைபேசியை எடுத்து அவசரமாகப் பார்த்தேன். தவறாக எதுவும் இல்லை. ஆனாலும் நிம்மதி வரவில்லை. அழித்திருப்பாரோ என்றே தோன்றியது. அவருக்கு வேறு தொடர்பு இருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஆலோசகரின் பதில்:

அன்புச் சகோதரி, எதுவும் கிடைக்காத பிறகும் நிம்மதி வரவில்லை என்று நீங்கள் எழுதிய இடத்தில் என் மனம் நின்றுவிட்டது. ஐயம் மூண்ட மனம், கிடைத்ததைச் சான்றாகவும் கிடைக்காததை அழிக்கப்பட்ட சான்றாகவும் எடுத்துக்கொள்ளும் என்பதால், எத்தனை முறை தேடினாலும் அந்தத் தேடல் முடிவதில்லை.

நீங்கள் கவனித்த மாற்றங்களைக் கற்பனை என்று நான் ஒதுக்கவில்லை. அவை வேறொரு உறவின் அறிகுறிகளாக இருக்கலாம். ஆனால் வீட்டில் சொல்லக் கூசும் கடன், வேலை பறிபோகும் அச்சம், மறைத்து வைத்த நோய், மனச்சோர்வு ஆகியவையும் ஒருவரை இப்படியே ஒதுங்கவும் எரிந்து விழவும் வைக்கும். உங்களிடையே விலகல் வந்திருக்கிறது என்பது மட்டுமே இப்போது உறுதி.

அதன் காரணத்தை அவரிடமே கேளுங்கள். "யார் அவள்?" என்று தொடங்காமல், "4 மாதங்களாக நீங்கள் என்னிடமிருந்து விலகியே இருக்கிறீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது, நமக்கு நடுவில் வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று பொறுமையாக, ஆனால் நேராகக் கேளுங்கள். சிபில் கரேர், ஜான் காட்மன் என்னும் ஆய்வாளர்கள் 124 புதுமண இணையரை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட கட்டுரையில், கருத்து வேறுபாட்டைப் பற்றிய பேச்சின் முதல் 3 நிமிடங்களைக் கொண்டே பின்னாளைய மணமுறிவைக் கணிக்க முடிந்தது. தொடக்கத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான்.

கைபேசியைப் பார்த்ததையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கடவுச்சொல் வைத்துக்கொள்வது அவர் உரிமை. நண்பர்கள் அவரை நம்பிப் பகிர்ந்த செய்திகளும் அதற்குள் இருக்கும். உளவுச் செயலி எதையும் நிறுவாதீர்கள். அதே நேரத்தில், உங்கள் வாழ்வைப் பாதிக்கும் உண்மையை மறைப்பது அந்தரங்கத்தில் சேராது. அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேட்டால் கை ஓங்குவார் என்ற அச்சம் இருந்தால் தனியாகப் பேச வேண்டாம். அவர் தொடர்ந்து மழுப்பினால் இருவரும் ஆலோசனைக்கு வாருங்கள். அவர் மறுத்தால், நீங்கள் மட்டுமாவது வாருங்கள்.