"ஆள் கிடைக்கவில்லை": ஒரு பழைய கிராணியின் கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள இரண்டு தோட்டங்களில் 1979 முதல் 2013 வரை கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, இருந்தேன். விடியுமுன் பெரட்டில் (வேலைக்கு ஆள் கூடும் இடத்தில்) பெயர் கூப்பிட்டு, செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) குறித்து, மாதக் கடைசியில் சம்பளம் போட்டுக் கொடுத்தவன். இப்போது சம்பளச் சீட்டு, சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) என்று யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் பார்த்துச் சொல்கிறேன். கடையில் ஆள் இல்லை, தோட்டத்தில் ஆள் இல்லை என்ற பேச்சு ஊரில் பெருத்துவிட்டது. கோயில் வாசலில் நிற்க வைத்துக் கேட்பதை விட்டுவிட்டு எழுதிக் கொடுங்கள் என்றேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். மூன்று நாற்காலி, ஒன்றில்தான் ஆள். மாதம் 1,800 ரிங்கிட், மதியச் சாப்பாடும் உண்டு. எட்டு மாதமாக விளம்பரம் ஒட்டியும் நம் பையன்கள் வருவதில்லை. வந்த ஒருவனும் பத்து நாளில் நின்றுவிட்டான். பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிட்டார்கள், ஒப்புக்கொள்கிறீர்களா?

ஒப்புக்கொள்ள மாட்டேன் ஐயா. உங்கள் கடையில்தான் நான் முடி வெட்டிக்கொள்கிறேன். கத்தி உங்கள் கையில் இருக்கும்போது இதைச் சொல்ல தைரியம் வராது, அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

உங்கள் கடை காலை பத்துக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடுகிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தால் நாளுக்கு 11 மணி, ஆறு நாளுக்கு 66 மணி. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சட்டப்படியான வேலை நேரம். மீதி 21 மணியும் மிகுநேரம். மாதத்துக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 91 மணி. குறைந்தபட்சச் சம்பளமான 1,700ஐ வைத்தே பார்ப்போம். ஒரு மணிக்கு 8 ரிங்கிட் 72 காசு. மிகுநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 13 ரிங்கிட் 8 காசு. 91 மணிக்கு 1,190 ரிங்கிட் சொச்சம். இரண்டையும் கூட்டினால் 2,800க்கு மேல் போகிறது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்குள் சம்பளம் வாங்கும் எவருக்கும் இது உரிமை. நீங்கள் கொடுப்பது 1,800. அந்தப் பையன் பத்து நாளில் நின்றதைச் சோம்பேறித்தனம் என்கிறீர்கள். எனக்கு அவன் கணக்கில் கெட்டிக்காரனாகத் தெரிகிறான்.

இந்தச் "சோம்பேறி" என்ற சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. வெள்ளைக்காரத் துரைகள் அதை முதலில் மலாய்க்காரர்களுக்குச் சூட்டினார்கள். அவர்களுக்குச் சொந்த வயல் இருந்தது, ஆறு இருந்தது. துரை கொடுத்த காசுக்குக் காட்டை அழிக்க வரவேண்டிய தேவை இல்லை. வராதவனைச் சோம்பேறி என்றுவிட்டு, பஞ்சத்திலும் கடனிலும் கிடந்த நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றினார்கள். வேறு வழியில்லாத அவர்களுக்கு "பணிவான கூலி" என்று நற்சான்றிதழ். இன்றைக்கு நம் பேரப்பிள்ளைக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் கைப்பேசியும் இருக்கின்றன, உணவு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கலாம். வேறு வழி பிறந்த அன்றே அவனும் சோம்பேறியாகிவிட்டான்.

உங்கள் தொழில் சங்கடத்தை நான் மறுக்கவில்லை. முடிதிருத்தகம், ஜவுளி, பொற்கொல்லர் தொழில் மூன்றுக்கும் அந்நியத் தொழிலாளரை எடுக்க முடியாமல் பல ஆண்டுகள் முட்டுக்கட்டை இருந்தது. 2023 செப்டம்பரில் 7,500 பேரை அனுமதிப்பதாக அரசாங்கம் அறிவித்தபோது நீங்கள் கடையில் காப்பி வாங்கிக் கொடுத்ததும் நினைவிருக்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வருபவருக்கும் இதே கணக்குதான் என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். காப்பி ருசியில் விட்டுவிட்டேன்.

உணவகம் நடத்துகிறேன். வங்காளதேசத்துப் பையன்களுக்கும் 1,700 கொடுத்தே ஆக வேண்டுமா?

ஆம். 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து. ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருந்தால் அதே ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து. வீட்டுப் பணியாளருக்கு மட்டும்தான் விலக்கு. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அவர்களுக்குச் சேமநிதியும் கட்ட வேண்டும்: அவர் பங்கு 2 விழுக்காடு, உங்கள் பங்கு 2 விழுக்காடு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய கடப்பிதழ்களை (பாஸ்போர்ட்) கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டுவது குற்றம். "தொலைத்துவிடுவார்கள், பத்திரமாக வைக்கிறேன்" என்பீர்கள். தோட்டத்துத் துரையும் இதே கரிசனத்தோடுதான் பேசுவார்.

எங்கள் மகன் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டும் வேலைக்குப் போகிறேன் என்கிறான். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். அவன் அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். போகவிடலாமா?

தங்கச்சி, முதலில் அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன், சிரிக்கிறவர்களும் கேட்கட்டும்.

மரம் குட்டையாக இருக்கும்வரை உளியால் குத்திக் குலையை இறக்கலாம். வளர்ந்துவிட்டால் நீளமான அலுமினியக் கம்பு, அதன் நுனியில் அரிவாள். மூன்று மாடி உயரத்தில் இருக்கிற மட்டைக்கு அந்தக் கம்பை நிமிர்த்திப் பிடிப்பதற்கே ஆறு மாதம் பழக வேண்டும். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்துத்தான் மேலே எது பழுத்தது என்று கணிப்பார்கள். முதலில் மட்டையை வெட்ட வேண்டும், பிறகு காம்பு. இருபது கிலோ குலை முள்ளோடு விழும்போது எந்தப் பக்கம் காலை எடுப்பது என்பது உடம்புக்குத் தானாகத் தெரிய வேண்டும். நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்த கழுத்து இரவில் தலையணையில் படியாது. இதைத் திறனற்ற வேலை என்று ஏட்டில் எழுதுகிறார்கள். எழுதுகிறவர் ஒரே ஒரு குலையை இறக்கிக் காட்டட்டும்.

வருமானம் எடைக் கணக்கில். கை பழகியவர் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தாண்டி எடுப்பதை நானே செக்ரோலில் குறித்திருக்கிறேன். மேட்டுக்காடா சமதரையா, மரத்தின் வயது என்ன, குலையைச் சாலைக்குக் கொண்டுவர இயந்திர வண்டி உண்டா தள்ளுவண்டியா, இவற்றைப் பொறுத்து இரண்டு தோட்டங்களுக்குள் மாதம் பல நூறு ரிங்கிட் வித்தியாசம் வரும். ஆகவே சேருமுன் மகனை ஒரு நாள் காட்டுக்குப் போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். தோட்டமே நேரடியாக எடுக்கிறதா, குத்தகையாளரா என்று கேட்கச் சொல்லுங்கள். சேமநிதியும் சொக்சோவும் இல்லாமல் கையில் காசு தருகிறேன் என்றால் அன்றைக்கே திரும்பிவிடட்டும்.

சிரிப்பைப் பற்றி எனக்குப் பேசத் தகுதி குறைவு. 1994 வாக்கில் என் மகள் கணக்கில் தோற்றுவந்தபோது, "படிக்காவிட்டால் காண்டா தூக்கத்தான் போகணும்" என்று ஆபீஸ் வாசலில் வைத்துத் திட்டினேன். ரப்பர் பால் எடை போடக் காண்டாவை (பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் கம்பை) இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்த அம்மா ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமாம் பாப்பா, ஐயா சொல்வதைக் கேள்" என்றார். அவர் ஏதும் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவரும் தன் பிள்ளைகளிடம் அதையேதான் சொல்லி வளர்த்தார். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எல்லா வீட்டிலும் அதுதான் தாலாட்டு. பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். இப்போது அவர்கள் காட்டுக்கு வரவில்லை என்று கோபித்தால் எப்படி?

ஜொகூர் பாருவில் தங்கிச் சிங்கப்பூரில் துப்புரவு வேலை செய்கிறேன். ஊரில் இதே வேலையைச் செய்யமாட்டேன். நண்பன் என்னை வேஷக்காரன் என்கிறான்.

ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது இதில் வேஷம் எங்கே வந்தது தம்பி? காசு ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, நீ எழுதவில்லை: அங்கே நீ துடைப்பத்தோடு நிற்பதை அத்தை பார்க்கமாட்டார். இங்கே பார்த்தால் பெண் பார்க்கும் பேச்சுவரைக்கும் போகும். உன் வேஷம் இல்லை அது, ஊருடையது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நான். அந்நியத் தொழிலாளர்கள் வந்ததால்தானே நம் மக்கள் தோட்டத்தைவிட்டுத் துரத்தப்பட்டார்கள்? நீங்கள் அவர்கள் பக்கம் பேசுவதாகத் தோன்றுகிறது.

ஐயா, உங்கள் மாணவனாக இருந்தவன் என்ற பயத்தோடேயே பதில் சொல்கிறேன். வரிசையை மாற்றிப் போட்டுவிட்டீர்கள்.

1969இல் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இல்லாத நம்மவர் பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். நம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் போனது உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு தொழிற்சாலைகள் வந்தன, இளையவர்கள் போனார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், அதற்கு ஏக்கருக்கு வேண்டிய ஆள் குறைவு. தோட்டங்களை வீடமைப்புக்கும் விற்றார்கள். இத்தனைக்கும் நடுவில்தான் இந்தோனேசியர்கள் குத்தகையாளர் லாரியில் வந்து இறங்கினார்கள். அவர்களைக் காட்டி நம் கூலியை அமுக்கி வைத்தது உண்மை, அதை மறைக்கமாட்டேன். அமுக்கியவர் யார் என்பதில்தான் நமக்குள் கருத்து வேறுபாடு.

அவர்கள் இல்லாவிட்டால் கூலி தானாக ஏறியிருக்கும் என்பதையும் கொஞ்சம் சோதித்துப் பார்த்துவிட்டோம். 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டது. 2021இல் தோட்டங்களுக்காக 32,000 பேரைக் கொண்டுவர அரசாங்கம் சம்மதித்தும் ஆள் வந்துசேரத் தாமதம். 2022இல் செம்பனை எண்ணெய் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியபோது, ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் பற்றாக்குறை என்று தோட்ட முதலாளிகள் சங்கமே சொன்னது. பத்துப் பதினான்கு நாளுக்கு ஒரு முறை வெட்ட வேண்டிய மரத்துக்கு ஆள் போகவில்லை. எங்கள் பக்கத்துத் தீம்பாரில் (தோட்டத்தில்) நடந்தால் காலடியில் உதிரிப்பழம் நசுங்கும், புளித்த எண்ணெய் நாற்றம் வீடுவரை வரும். அத்தனை விலை, அத்தனை தட்டுப்பாடு. இருந்தும் அந்த ஆண்டு மே மாதம் 1,200லிருந்தும் 1,100லிருந்தும் சம்பளம் 1,500 ஆனது சட்டத்தால்தான். தட்டுப்பாட்டைப் பார்த்து மனமிரங்கி உயர்த்திய தோட்டம் எதையும் இந்தப் பக்கத்தில் நான் காணவில்லை. பழம் அழுகினாலும் பரவாயில்லை, கூலி ஏறிவிட்டால் இறக்க முடியாதே என்ற கணக்கு.

என்னிடம் கடிதம் எழுதிக்கொள்ள வந்த வங்காளதேசத்துத் தம்பி ஒருவன், ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனைச் சிறிய நோட்டில் மாதாமாதம் குறித்து வைத்திருக்கிறான். அந்த நோட்டைப் பார்த்ததும் என் தாத்தாவின் கதை நினைவுக்கு வந்தது. ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணியிடம் வாங்கிய முன்பணம் தீர்ந்ததா என்பது அவருக்குச் சாகும்வரை தெரியாது, நோட்டு கங்காணியிடம் இருந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் கூலிக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. அப்போதும் மலாயாவில் "ஆள் பற்றாக்குறை" என்று பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

ஐம்பது ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்கிற சம்பளம் கொடுத்தால் விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். விலையை நாங்களா வைக்கிறோம்?

இதில் உங்களுக்கு நியாயம் இருக்கிறது. விலை சந்தையில் ஏறி இறங்குகிறது, உரவிலை ஏறினால் இறங்குவதே இல்லை. சிறு தோட்டக்காரருக்கு நான் சொல்லக்கூடியது இரண்டுதான். மரம் இன்னும் உயரமாகவில்லை என்றால், செம்பனை வாரியம் உருவாக்கிய காந்தாஸ் என்ற இயந்திர அரிவாளைப் பழகிப் பாருங்கள், ஆள் எண்ணிக்கை குறையும். இருபத்தைந்து வயதைத் தாண்டிய மரத்தை இன்னும் வைத்துக்கொண்டு ஆள் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்று குறைப்படாதீர்கள், மறுநடவு செய்யுங்கள். விற்பதானால் எனக்குத் தரகு வேண்டாம்.

கல்லூரியில் படிக்கிறேன். அப்பா குலை வெட்டுகிறார். தோழிகளிடம் "தோட்டத்தில் சூப்பர்வைசர்" என்று சொல்லிவிட்டேன். உதவித்தொகைப் பாரத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

தோழிகளிடம் சொன்னதற்காக அழவேண்டாம் அம்மா, உன் வயதில் என் அப்பா பால்மரம் வெட்டியதை நானும் எங்கேயும் சொன்னதில்லை. பாரத்தில் மட்டும் "செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளர்" என்று உள்ளபடியே எழுது. சூப்பர்வைசர் என்று எழுதினால் சம்பளச் சீட்டோடு பொருந்தாது, உதவித்தொகை போய்விடும். கடைசி மூன்று மாதச் சீட்டின் நகலும், தோட்ட ஆபீஸின் உறுதிக்கடிதமும் வேண்டும். கடிதத்துக்கு இரண்டு நாள் எடுப்பார்கள், சனிக்கிழமை மதியத்துக்குமேல் ஆபீஸ் இருக்காது. வியாழனுக்குள் அப்பாவிடம் சொல்லிவிடு. காட்டிலிருந்து வந்ததும் குளிக்கக்கூட நிற்காமல் போய் வாங்கிவருவார்.