மவுஸை அசைத்தால் மட்டும் கேம் திக்குது: முதலில் போலிங் ரேட்டைப் பாருங்க

ப்ரோ, கீபோர்டுல மட்டும் நடந்தா கேம் வழுக்கிட்டு ஓடுது, மவுஸை வேகமா திருப்பினாதான் எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு வர்ற ஃபிரேம் எண்ணிக்கை) 140-லேர்ந்து 70-க்கு விழுது, சில நேரம் திரையில குறிவைக்கிற புள்ளியும் தாவுதுன்னு சொல்றீங்க. அப்படின்னா கிராஃபிக்ஸ் கார்டு மேல எனக்குச் சந்தேகம் இல்ல. புது கார்டு வாங்கச் சொன்னவர் பேச்சைக் காதுல போட்டுக்காதீங்க.

போலிங் ரேட்னா மவுஸ் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்புதுங்கிறது; உங்க மவுஸ்ல அது 8000 ஹெர்ட்ஸ்ல இருக்கு. அதாவது அசைக்கும்போது 0.125 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை பிராசஸர் கதவைத் தட்டுது. உங்க பழைய நாலு கோர் பிராசஸர் கேமைக் கவனிக்குமா, இதுக்குப் பதில் சொல்லுமா? சில கேம்கள் ஒவ்வொரு மவுஸ் செய்தியையும் மெயின் த்ரெட்லயே (கேமோட முக்கிய வேலையெல்லாம் வரிசையா ஓடுற இடம்) வாங்குறதால அடி நேரா ஃபிரேம் மேல விழுது. மவுஸோட வந்த சாஃப்ட்வேர்ல போலிங் ரேட்டை 1000-க்கு இறக்குங்க, அப்பவும் திக்கினா 500. கைக்குப் பெரிசா வித்தியாசம் தெரியாது. அட்டைப்பெட்டியில போட்டிருக்கிற 8000, என்னைக் கேட்டா, பாதி விளம்பரம்தான்.

குறி தாவுறது வேற கதை. டாங்கிளை (மவுஸோட வயர்லெஸ் ரிசீவர்) கேபினட் பின்னாடி, யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்துல செருகியிருக்கீங்க. யுஎஸ்பி 3.0 கிளப்புற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரைக் கெடுக்கும்னு இன்டெல்லே 2012-ல ஆவணம் வெளியிட்டிருக்கு. ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மவுஸ்பேட் கிட்ட கொண்டுவாங்க.

கேம் செட்டிங்ல ரா இன்புட் (மவுஸ் அசைவை விண்டோஸ் மாத்தாம கேம் அப்படியே வாங்கிக்கிற வசதி) இருந்தா அதையும் ஆன் பண்ணுங்க. ஆனா முதல்ல போலிங் ரேட்டை மட்டும் மாத்திப் பார்த்துட்டு சொல்லுங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா எது சரிபண்ணுச்சுன்னே தெரியாது.