நோட்டீஸின் கடைசி வரி

அன்புள்ள ஐயா,

தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்புப் பக்கம் மீனவப் பெண்களுக்கு, கடலோரத்தில் எங்கே எதைக் கட்டலாம் என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை விளக்கும் ஒரு சின்ன டிரஸ்டில் வேலை செய்கிறேன். அடுத்த கூட்டத்துக்கான நோட்டீஸின் கடைசியில் 'உங்கள் எம்.எல்.ஏ.விடம் மனு கொடுங்கள்' என்று போட்டிருந்தோம். ஆடிட்டர் பார்த்துவிட்டு, இது அரசியல், வரிவிலக்குப் பதிவே போய்விடும், எடுத்துவிடுங்கள் என்கிறார். அமெரிக்காவில் விழிப்புணர்வையும் லாபியிங்கையும் (சட்டம் போடுகிறவர்களிடம் இப்படிப் போடுங்கள் என்று வலியுறுத்துவது) தனித்தனியாகப் பிரித்து நடத்துகிறார்களாமே, அது எப்படி?

க., கடலூர்

அன்புள்ள க.,

ஆடிட்டர் மேல் கோபப்படாதீர்கள், அந்தப் பயம் எங்களுக்கும் இருந்தது. 2018இல் இந்த விதிகளின் புதிய வரைவு வந்தபோது நாங்களும் நோட்டீஸ் அடித்தோம். அச்சாகி வந்தபிறகு பொருளாளருக்கு உதறல் எடுத்துவிட்டது. மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து நடுராத்திரி வரை கத்தரிக்கோலால் கடைசி வரியை மட்டும் வெட்டி எடுத்தோம். மறுநாள் கூட்டத்தில், மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2161க்கு மேல் உள்ள கிராமங்களில் கட்டடம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கப்போகிறது என்று படம் போட்டு விளக்கி முடித்ததும் ஒரு அம்மா கேட்டார்: "எல்லாம் சொன்னீங்க, சரி, இப்ப இதை நாங்க யாருகிட்ட போய்ச் சொல்றது?" பதில் திண்ணையில் குப்பையாகக் கிடந்தது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். 1966இல் சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் அணை கட்டுவதை எதிர்த்து முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, நன்கொடைக்கான வரிச்சலுகையை இழந்தது. அப்போதிருந்த விதி, சட்டத்தைப் பற்றிய பிரச்சாரம் 'கணிசமாக' இருக்கக்கூடாது என்றது, ஆனால் எவ்வளவு கணிசம் என்று சொல்லவில்லை. 1976இல்தான், விரும்பும் அமைப்புகளுக்கு, லாபியிங்குக்கு மொத்தச் செலவில் முதல் 5 லட்சம் டாலருக்கு 20 சதவீதம், அதற்கு மேலே போகப்போகக் குறைவு, எப்படியும் 10 லட்சத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வந்தது. பொதுமக்களைத் தூண்டும் லாபியிங் என்றால் ஒரு குறிப்பிட்ட மசோதாவைப் பேச வேண்டும், அதில் பக்கம் எடுக்க வேண்டும், இன்னாருக்கு எழுதுங்கள் என்றும் சொல்ல வேண்டும். மூன்றும் சேர வேண்டும். அந்தச் செலவு வரம்புக்கு மேல் செய்ய ஆசைப்படுகிறவர்கள் வரிச்சலுகை இல்லாத தங்கை அமைப்பு ஒன்றைத் தொடங்கி, தனி வங்கிக் கணக்கு, ஊழியர் எந்த மணி நேரம் எதற்கு உழைத்தார் என்ற தாள் என்று நடத்துகிறார்கள். வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்பது மட்டும் வரிச்சலுகை பெறும் அமைப்புக்கு அடியோடு தடை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உங்கள் விதிகள் நாடாளுமன்றம் போட்ட சட்டம் அல்ல, 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை. அமெரிக்கக் கணக்குப்படி அதற்கு மனுப்போடுவது லாபியிங்கிலேயே சேராது!

நம் ஊரில் கோடு வேறு இடத்தில் இருக்கிறது, கட்சியிடம். ஆந்திரா வர்த்தக சபை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960களிலேயே சொல்லிவிட்டது: முதன்மை நோக்கம் பொதுப்பயன் என்றால், அதற்காக ஒரு சட்டத்தை ஆதரிப்பதாலோ எதிர்ப்பதாலோ அறக்கட்டளைத் தன்மை போய்விடாது. வெளிநாட்டு நன்கொடை விஷயத்திலும் 2020இல் இன்சாஃப் என்ற அமைப்பின் வழக்கில் அதே நீதிமன்றம், கட்சி அரசியல் நோக்கமில்லாமல் பொதுப் பிரச்சினைக்காகப் பந்த், மறியலை ஆதரிப்பதை வைத்து மட்டும் ஓர் அமைப்பை அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்த முடியாது என்றது. தீர்ப்பு இருக்கிறது என்பதால் அதிகாரிகளிடமிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வராது என்று அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் கூட்டத்துக்கு ஆன செலவை ஒரு தலைப்பிலும் மனுவுக்கு ஆனதை வேறொரு தலைப்பிலும் எழுதச் சொல்லுங்கள், ஆடிட்டருக்கும் நிம்மதி. தேர்தல் நேரத்தில் எந்தக் கட்சிக்காரரையும் மேடையில் ஏற்றாதீர்கள்.

அப்புறம், கடைசி வரி இருக்கட்டும், ஆனால் எம்.எல்.ஏ. என்பதை எம்.பி. என்று மாற்றுங்கள். அறிவிக்கை மத்திய அரசுடையது.