உறைந்த திசுவில் ஆர்.என்.ஏ சிதைவது ஏன்?

மைனஸ் 80 டிகிரி உறைகலனில் சீராக வைத்திருந்த குழந்தைகளின் கட்டித் திசு மாதிரிகளிலேயே ஆர்.என்.ஏ (மரபணுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) சிதைந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காக உறைகலனை மாற்ற அவசரப்படாதீர்கள். குழந்தையின் கட்டித் திசு அகற்றப்பட்டதிலிருந்து உறையவைக்கப்படும் வரை எவ்வளவு நேரம் கழிகிறது என்பதை முதலில் அளந்து பாருங்கள். உறைகலன் சீராக இருந்திருப்பதால், இரத்த ஓட்டம் நின்ற பின் அறை வெப்பநிலையில் மாதிரிகள் காத்திருந்ததே காரணமாக இருக்கக்கூடும்.

திசுவை அகற்றிய நேரத்தையும் உறையவைத்த நேரத்தையும் ஒவ்வொரு மாதிரிக் குழாய்க்கும் குறித்து, ஆர்.என்.ஏ முழுமை எண்ணுடன் (10 என்றால் சிதைவில்லை) ஒப்பிடுங்கள். விரைவாக உறைந்தவையும் தாழ்ந்த எண்ணையே காட்டினால், ஆர்.என்.ஏ-வைப் பிரித்தெடுக்கும் மேசையில் திசு உருகுகிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலும் யாரும் பார்க்காத இடம் அதுதான். இறந்துபோன திசுப் பகுதியாக இருந்தால் எவ்வளவு விரைந்தாலும் பயனில்லை.

ஆனால், நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, நோயியல் மருத்துவர் நோயறிதலுக்குரிய பகுதியை ஒதுக்கும் முன் திசுவை எடுத்துவிடக் கூடாது; ஊசி வழியே எடுத்த சிறிய திசுத் துணுக்கில் நோயறிதலுக்குப் போக மிஞ்சுவது மட்டுமே ஆராய்ச்சிக்குரியது.